காரணமில்லாத சலுகை

“சிவப்பு. வாங்க வேண்டாம்” என்றது நம்புமானி.

பெனிட்டா போனில் அடுத்த கடையைத் திறந்தாள்.

“சிவப்பு. கடை என்று சொல்லும் முகவரியில் இருப்பது ஒரு சலவைக்கூடம்.”

அதற்கடுத்த கடை.

“சிவப்பு. லென்ஸின் படங்கள் வேறொரு கடையிலிருந்து திருடப்பட்டவை.”

காதுமடலில் மிளகளவு ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் கருவிக்கு அலுப்பு என்பதே இல்லை. தூத்துக்குடியில் இப்போது அது சொல்லாமல் யாரும் உப்புப் பொட்டலம்கூட வாங்குவதில்லை. விற்பவரின் முகவரி, பழைய புகார்கள், சந்தை விலைக்கும் அவர் கேட்கும் விலைக்கும் உள்ள தூரம், பேசும்போது குரலில் ஓடும் நடுக்கம், எல்லாவற்றையும் இமைக்கும் நேரத்தில் அலசி நூற்றுக்கு ஓர் எண் சொல்லும். கடைகளுக்கென்று வந்த கருவி, போன வருஷத்திலிருந்து மனிதர்களுக்கும் எண் போட ஆரம்பித்திருந்தது. யாருடைய எண்ணையும் நம் காதில் கேட்கலாம். நம்முடைய எண்ணை மட்டும் கேட்க முடியாது.

திங்கட்கிழமை காலை பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்காவின் மகள் டெல்ஃபினுக்குக் கல்யாணம். இத்தனை வருஷம் பிறத்தியாருக்கு உதவியாளாகவே படம் பிடித்துவந்த பெனிட்டாவை, “உன் பேர்லயே ஆல்பம் போடு ட்டி” என்று தனியாக அழைத்தது ரோஸ்லின் அக்காதான். சொந்தக்காரர்களெல்லாம் பெரிய ஸ்டுடியோவைச் சொன்னபோதும் அவள் கேட்கவில்லை. பங்குத்தந்தை திருப்பலி நேரத்தில் பிளாஷ் அடிக்க விடமாட்டார். அந்தப் பழைய கோயிலோ பட்டப்பகலிலும் மங்கலாக இருக்கும். அந்த மங்கலில் படம் பிடிக்கக்கூடிய ஒரே லென்ஸ், நேற்று கோயிலில் வெளிச்சம் பார்க்கப் போனபோது பெனிட்டாவின் கையிலிருந்து நழுவி, பீடத்துப் படியில் விழுந்து உடைந்திருந்தது. இன்று வெள்ளிக்கிழமை.

“பச்சை. தொண்ணூற்றொன்பது” என்றது நம்புமானி.

கடையின் பெயர் ‘ஒளிமுற்றம்’. பளிங்குபோன்ற பக்கங்கள், முறையான பதிவு எண், குறையே சொல்லாத பாராட்டுகள். விலையும் கையைக் கடிக்கவில்லை. பெனிட்டா மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டு லென்ஸை வாங்கும் பொத்தானை அழுத்தினாள். ஒரு வாய் காப்பி உள்ளே போவதற்குள் அழைப்பு வந்துவிட்டது.

“வணக்கம் மேடம், ஆர்டரை உறுதி செய்யக் கூப்பிட்டோம். லென்ஸ்கூட மூடி வேணுமா மேடம்?”

“மூடி அதோட வரும்லா?”

“அது தனி மேடம். உத்தரவாத அட்டையும் தனி. கண்ணாடி துடைக்கிற திரவம், காப்புக் கண்ணாடி, பை...”

“லென்ஸ் மட்டும் போதும்ங்க.”

எதிர்முனைக் குரலில் தேன் வற்றியது. “அப்படின்னா ஸ்டாக் இல்ல மேடம். வர மூணு வாரம் ஆகும்.”

தொடர்பு அறுந்தது. “பச்சை. கடை எந்த விதியையும் மீறவில்லை” என்றது நம்புமானி.

பக்கத்தில் கருவாட்டை ஆய்ந்துகொண்டிருந்த நாத்தனார் ஜோவிட்டா சிரித்தாள். “முன்னால திருடன் ஓட்டப் பிரிச்சு எறங்குனான் மைனி. இப்பம் காலிங்பெல் அடிச்சுட்டு, செருப்பக் கழட்டி வச்சுட்டு வாறான்.”

உண்மைதான். எதையெல்லாம் பார்த்து நம்புமானி பச்சை போடுகிறதோ, அதையெல்லாம் கற்றுக்கொள்ள ஏமாற்றுக்காரனுக்கு ஒரு மாதம் போதும். அவனுக்கு அதுதானே வேலை. நல்லவனுக்கு வேறு வேலை இருக்கிறது.

பெனிட்டாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். பிறகு, இதுவரை ஒருநாளும் செய்யாத காரியமாக, சிவப்பு விளம்பரங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தாள். அதில் ஒன்றில் கண் நின்றது.

லென்ஸுக்குப் பின்னால் டார்ச் அடித்து எடுத்த படம் அது. ஓரத்தில் தலைமுடிபோல ஒரு பூஞ்சைக் கோடு, நடுவில் இரண்டு தூசி, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் இப்படித்தான் வெளிச்சம் அடித்துக் குறை பார்ப்பார்கள். விற்கிறவரே அடித்துக் காட்டி அவள் பார்த்ததில்லை. அடுத்த படத்தில் லென்ஸின் வரிசை எண். அதற்கடுத்ததில் வாங்கியபோது வந்த உத்தரவாத அட்டை; தேதி முடிந்தது என்று கீழே எழுதியும் இருந்தது.

“சிவப்பு. பதினான்கு. குறையைத் தானே காட்டுவது கவனத்தைத் திருப்பும் உத்தி.”

பெனிட்டா அழைத்தாள்.

“நாசர் பேசுதேன், கடையநல்லூர்ல இருந்து. சொல்லுங்கம்மா.”

“திங்கக்கிழமைக்கு வேணும்ணே. கோயில் கல்யாணம். பிளாஷ் அடிக்கக் கூடாது.”

“அப்பம் இதுதான் சரியான சாமான். ஓரத்துல ஒரு கோடு இருக்கு, பாத்தீங்களா? படத்துல தெரியாது. ஆனா எதுத்தாப்புல வெளிச்சம் வந்தா லேசா மங்கும். மெழுகுவத்திய நேரா பாத்து எடுத்துராதீங்க.”

“பன்னிரண்டு” என்றது காது.

“வெலயில கொஞ்சம் கொறைச்சுத் தாங்கம்மா. புள்ளைக்கிக் கல்யாணம்னு சொல்லுதீங்க.”

அவள் கேட்கவே இல்லை. அவராகக் குறைத்தார்.

“ஒன்பது. காரணமில்லாத சலுகை. மோசடியின் முதன்மை அறிகுறி.”

“பணத்த இப்பம் போடாதீங்க. மாட்டி நாலு படம் எடுத்துப் பாருங்க. புடிக்கலன்னா திருப்பி விட்டுருங்க.”

“நான்கு. இணைப்பைத் துண்டிக்கவும்.”

பெனிட்டா சிரிப்பை அடக்கினாள். “எப்படிண்ணே அனுப்புவீங்க?”

“அதான் சங்கடம். எனக்கு செவப்பு போட்டதுல இருந்து பறவைவண்டி எதுவும் என் பார்சலத் தூக்க மாட்டேங்கு. பஸ்ல குடுத்து விடுதேன். கண்டக்டரு நம்ம ஆளு. நாளைக்கு மதியம் ஸ்டாண்டுல வாங்கிக்கிடுங்க.”

ஆளில்லாமல் வானத்தில் பெட்டிகள் பறக்கிற காலத்தில், கண்டக்டர் கையில் லென்ஸ். பெனிட்டா மூச்சை இழுத்துவிட்டுச் சரி என்றாள்.

சனிக்கிழமை பேருந்து நிலையத்தில் அவள் நடந்த நடைக்குக் கணக்கில்லை. கடையநல்லூர் வண்டி ஒன்று வந்தது, பார்சல் இல்லை. பெரிய ஸ்டுடியோவுக்கே சொல்லியிருக்கலாமோ? அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது? உதடு தானாக ஜெபமாலையை முணுமுணுத்தது, மனம் அதில் நிற்கவில்லை. அடுத்த வண்டியின் படியிலிருந்தே கண்டக்டர் கத்தினார்: “கேமராக்காரம்மா யாரு?”

குழந்தையின் துவாலையில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பை போட்டு, நூலால் கட்டியிருந்தது. உள்ளே லென்ஸும், விளம்பரத்தில் சொல்லாத ஒரு மூடியும். அங்கேயே மாட்டி, டீக்கடையின் இருட்டு மூலையைப் படம் பிடித்தாள். பாய்லரின் ஆவிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

பணத்தை அனுப்பிவிட்டு, நன்றி தாங்காமல் அவருடைய பக்கத்தில் எழுதினாள்: ‘இவரை நம்பலாம். என் பெயரில் சொல்கிறேன்.’

அவள் செய்த தவறு அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலை கோயில் வாசலில் ரோஸ்லின் அக்கா பட்டுச்சேலையில் நின்றிருந்தாள். பெனிட்டாவைப் பார்த்துச் சிரிக்க வந்தவள், கையைக் காதுக்குக் கொண்டுபோனாள். சிரிப்பு பாதியில் நின்றது.

“ஏட்டி, ஒனக்குச் செவப்பு காட்டுது.”

“எனக்கா?”

“பன்னெண்டு. செவப்பு ஆளப் புகழ்ந்தியாம். கூட்டாளியா இருக்கலாமாம். என்னட்டி செஞ்ச?”

பின்னால் வந்த உறவுக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராகக் காதைத் தொட்டார்கள். ஓர் அம்மாள் கைப்பையை இடதுதோளிலிருந்து வலதுதோளுக்கு மாற்றினாள்.

“அக்கா, ஒரு லென்ஸ் வாங்குனேன், அவ்வளவுதான். நீங்க துட்டே தரவேண்டாம். படத்தப் பாத்துட்டு, பிடிச்சா தாங்க.”

சொன்ன கணமே அக்காவின் புருவம் ஏறியது. “மூணுக்கு எறங்கிட்டு” என்றாள், பாவமாக.

எத்தனை சிவப்பு மனிதர்களின் அழைப்பைத் தான் இந்த வருஷத்தில் எடுக்காமலே விட்டோம் என்ற நினைப்பு பெனிட்டாவைக் குத்தியது. அவர்களும் யாருக்காவது நல்லது சொல்லியிருப்பார்களோ?

அப்போது காரிலிருந்து டெல்ஃபின் இறங்கினாள். முக்காடு நெட் சிக்கும் என்று அவள் நம்புமானியைக் கழற்றி வைத்திருந்தாள். “அக்கா, என்ன நிக்கிய? மணி அடிச்சாச்சு, முன்னால போய் நில்லுங்க” என்று பெனிட்டாவின் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். மணப்பெண்ணை மறுத்து அந்த நேரத்தில் யார் பேசுவது?

பெனிட்டா படம் பிடித்தாள். மெழுகுவர்த்திக்கு நேரே மட்டும் போகவில்லை.

பகல் விருந்தில், பந்தி நடக்கும்போதே காலையில் எடுத்த படங்களைத் திரையில் ஓடவிடுவது அங்கே வழக்கம். மண்டபத்தின் கடைசி மேசையில் பெனிட்டா தனியாக உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் நாற்காலிகள் காலியாக இருந்தன. படங்கள் ஓட ஆரம்பித்தன.

முதலில் “ஆகா” என்றார்கள். மங்கலான கோயிலில் மோதிரத்தின் கல் மின்னியது, டெல்ஃபினின் இமையோரத்து ஈரம் தெரிந்தது. பிறகு மெல்ல மெல்லப் பேச்சு அடங்கியது. மணமக்களுக்குப் பின்னால் இருந்த முகங்களும் அதே தெளிவில் தெரிந்தன. வரிசை வரிசையாக, கை காதில், கண் ஓரமாகக் கேமராமீது. நற்கருணை உயர்த்தும் நேரத்திலும் அப்படித்தான். ஆசீர்வாதப் படம் வந்தது. குனிந்த மகளின் தலைமேல் ரோஸ்லின் அக்காவின் ஒரு கை. மறுகை இடுப்பில் பர்ஸை இறுக்கிப் பிடித்திருந்தது. கண் மகள்மேல் இல்லை.

“என்னம்மா இது, எல்லாரும் இப்படிப் பாக்கீங்க?” என்றாள் டெல்ஃபின். அவள் ஒருத்திக்குத்தான் விஷயம் தெரியாது.

ரோஸ்லின் அக்கா எழுந்துபோய் ஒரு தட்டில் பிரியாணி வைத்து, பெரிய துண்டாகத் தேடி இரண்டு கறி எடுத்துப் போட்டு, மண்டபம் முழுக்கப் பார்க்கக் கடைசி மேசைக்கு வந்தாள்.

“சாப்பிட்டியா?”

“அந்தப் படத்த எடுத்துருதேன்கா. ஆல்பத்துல வராது.”

“வரட்டும். நான் எப்படி நின்னேன்னு எனக்குத் தெரியணும்லா.” அக்கா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பெனிட்டாவின் காது படபடத்தது. எண்பது. அறுபத்தைந்து. நாற்பது.

“அக்கா, ஒங்க நம்பர் எறங்குது. சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாம் இருக்காங்க.”

“எறங்கட்டும். ஆறிரப்போவுது, சாப்பிடு.”

முன்வரிசையில் மாப்பிள்ளையின் தாய் காதைத் தொட்டபடி திரும்பிப் பார்த்தாள். புது உறவு, முதல் நாள். அந்த அம்மாள் தன் இலையை மடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தாள். “அந்தக் கண்ணீர்ப் படம் எனக்கு ஒண்ணு பெருசா வேணும்மா” என்று எதிரே உட்கார்ந்தாள். அவளைத் தேடி அவள் தங்கை வந்தாள். தங்கையோடு பேசிக்கொண்டிருந்த டெல்ஃபினின் சித்தப்பா வந்தார். ஒவ்வொருவராகச் சிவந்தார்கள்.

பாயசம் பரிமாறத் தொடங்கியபோது, எல்லாக் காதுகளிலும் ஒரே நேரத்தில் நம்புமானி பேசியது: “இந்த மண்டபத்தில் நம்பத்தக்கவர் யாரும் இல்லை. உடனே வெளியேறவும்.”

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.