எச்சில் துளி

முதல் படத்தில் மோதிரப் பூவின் குறுக்கே ஒரு வெள்ளை நூல் கிடந்தது.

ஸ்வர்ணலதா மோதிரத்தைத் துப்பட்டாவில் துடைத்தாள். அரை கிராம் தங்கம். அக்கா சுமித்ராவின் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை பேர் வைக்கும்போது போடுவதற்கு. அதிலிருந்த பொடிப் பூவை அக்காவுக்குக் காட்டத்தான் போன் கேமராமேல் ஒரு துளி எச்சிலை வைத்து, மெல்லக் கவிழ்த்து, மோதிரத்தை ஒட்டினாற்போலப் பிடித்து எடுத்தாள். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனிப் பெண்களுக்குத் தெரிந்த வித்தை. தண்ணீர்த் துளி உருண்டுவிடும். எச்சில் நிற்கும், எறும்பின் காலில் இருக்கும் முடியைக்கூடக் காட்டும்.

இரண்டாவது படத்திலும் நூல் இருந்தது. இப்போது வளைந்திருந்தது.

காலை ஷிப்ட் முடிந்து அவர்கள் அறைக்கு வந்ததிலிருந்து மழை விடவில்லை. சாத்திய ஜன்னலுக்குள் காயாத யூனிபார்மின் புளித்த வாடையும், சுவரில் ஊறிய ஈரமும், மூலையில் அறைத்தோழி பிரேமலதா தயிர்சோற்றைப் பிசையும் சளக் சளக் சத்தமும் ஒன்றாகக் கலந்து அறையை அடைத்து நின்றன.

"இன்னாடி, போனையே பாத்துக்கினு கீற?"

"இதுல புழு மாதிரி ஒண்ணு கீது, பாரேன்."

"துன்னும்போது புழு கிழுன்ற. சனியனே."

திட்டிக்கொண்டே வந்த பிரேமலதா கேமராவைத் துடைத்துத் தன் எச்சிலை வைத்து எடுத்தாள். பூ மட்டும். பைப் தண்ணீரில் எடுத்தாள். பூ மட்டும். மறுபடி ஸ்வர்ணலதாவின் எச்சில்.

மூன்று நூல்கள்.

பிரேமலதா தன் தட்டைத் தள்ளி எடுத்துக்கொண்டாள். "என் டம்ளர்ல குடிச்சியா நீ?"

ஸ்வர்ணலதாவின் கண் போன் உறையின் பின்பக்கம் போனது. இன்றைய ஸ்டிக்கர் அங்கே ஒட்டியிருந்தது. உள்ளே யாரும் படம் எடுக்காதபடி, தினமும் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டிக்காரர் போன் கேமராவை மூடி ஒட்டும் சிவப்பு வட்டம். வெளியே வந்ததும் உரித்து உறையில் ஒட்டிக்கொள்வாள். கேமராமேல் பசை நிற்கும். கட்டைவிரலை நக்கித் தேய்ப்பாள், மறுபடி நக்குவாள், மறுபடி தேய்ப்பாள். எட்டு மாதமாக. லேசாகத் தித்திக்கும் பசை.

ஸ்டிக்கரை உரித்து, பிரேமலதாவின் துளியை வைத்து அதன் பசைப்பக்கத்தைப் படம் எடுத்தாள்.

ரவை கொட்டி வைத்ததுபோல வெள்ளை மணிகள், வரிசை வரிசையாக. சில முழுசாக. பல வெடித்து, உள்ளே காலியாக.

ஓடிப்போய் உப்பை வாயில் கொட்டிக் கொப்பளித்தாள். கொழகொழவென்று நுரைதான் வந்தது. நான்கு நாளாக நாக்கின் அடியில் நமைச்சல். வாய்ப்புண் என்று விட்டிருந்தாள்.

நுரையைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் பிள்ளையின் ஞாபகம் வந்தது.

பதினோரு நாளுக்கு முன், அக்கா இருக்கும் நாகலாபுரத்தில். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சர்க்கரைத் தண்ணீரை யார் வைக்கிறார்களோ, அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வருமாம். "நம்ம ஊட்லயே கம்பெனி வேலைக்குப் போனவ நீதான். நீயே வைடி," என்றாள் அக்கா. இனிப்புப் பார்க்க விரலை முதலில் தன் வாயில் வைத்தாள் ஸ்வர்ணலதா. அதே விரலை மறுபடி தோய்த்துப் பிள்ளைக்கு வைத்தாள். பிள்ளை விடாமல் சப்பியது. எல்லோரும் சிரித்தார்கள்.

அக்காவுக்கு வீடியோ கால் போட்டாள்.

"நானே பண்ணணும்னு இருந்தேன், லதா," அக்காவின் குரல்தான் முதலில் வந்தது. "கொழந்த நாக்கு வெள்ளையாவே கீது. பாலுதான்னு அத்த சொல்றாங்க. ரெண்டு நாளா தொடைக்கிறேன், போவல. நீயே பாரு."

போன் பிள்ளையின் முகத்துக்குக் கிட்டே இறங்கியது.

தொடாதே அக்கா.

சொல்ல வாயைத் திறக்கப் போனாள். நாக்கின் அடியில் ஏதோ நகர்ந்தது. பல்லைத் தாண்டியது. உதட்டின் உட்பக்கம் வந்து நின்றது.

வாயை இறுக மூடிக்கொண்டாள்.

பிள்ளை கொட்டாவி விட்டது.

பால் இல்லை. நாக்கு முழுக்க மெல்லிய வெள்ளை இழைகள், நட்ட நாற்றுபோல நின்றன. காற்று இல்லை. ஆனாலும் எல்லாம் ஒரே பக்கமாக, போனில் தெரிந்த அவள் முகத்தை நோக்கிச் சாய்ந்தன.

"பாத்தியா, சித்தியப் பாத்ததும் சிரிக்கிறான்," என்றாள் அக்கா. "இரு, இன்னொருவாட்டி தொடைக்கிறேன்."

அக்கா விரலைத் தன் வாயில் வைத்து நனைத்தாள். பிள்ளையின் நாக்கில் தேய்த்தாள். மறுபடி தன் வாயில் வைத்தாள்.