ஒரு விரற்கடை வலப்பக்கம்

அவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தலைமயிரிலிருந்து தண்ணீர் வடிந்தது. கையிலிருந்த போனை அவளுடைய மேசையில் வைத்தான். திரையில் மணப்பெண் ஒருத்தி வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்... அவளைச் சுற்றிக் கறுப்புக் கரை. பக்கத்தில் எரியும் மெழுகுதிரி. தலைக்கு மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்து.

"இது ஆரின்ரை வேலை?" என்று கேட்டான்.

வினோஜா நிமிர்ந்தாள். அவள் முதலில் பார்த்தது போனை அல்ல, அந்தக் கண்களை. கோபமான கண்கள்தான்... ஆனால் இமைகளில் மழைத்துளிகள் தொங்கிக்கொண்டு நின்றதால் அந்தக் கோபத்தை முழுதாக நம்ப முடியவில்லை. பார்க்கிற நேரமா இது என்று தன்னையே ஏசிக்கொண்டு போனைப் பார்த்தாள்.

மணப்பெண் அவனுடைய தங்கை ஸ்ரெல்லா. அவன் ஜெயசுதன், குருநகரில் படகு எஞ்சின் திருத்துபவன். வெளிநாடுகளில் இருக்கும் ஊர்க்காரருக்காக நடத்தப்படும் குருநகர் இணையத்தளத்தை ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்பவனும் அவன்தான். தளத்தைச் செய்து கொடுத்தது யாழ்ப்பாண நகரில் மாடியிலுள்ள இந்தச் சின்ன அலுவலகம், இந்தக் கந்தோர். மானிப்பாயிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து இங்கே வேலை பார்க்கும் வினோஜாதான் முந்தின நாள் அந்தத் திருமண அழைப்பை ஏற்றினாள். விடிந்து பார்த்தால் பாரிசிலிருந்து அவனுடைய பெரியம்மா அழுதுகொண்டு போன் எடுக்கிறார்...

இரண்டு நிமிடத்தில் அவள் காரணத்தைக் கண்டுபிடித்தாள். தளத்தின் பக்கங்கள் எல்லாம் உள்ளே ஒரு நீளப் பட்டியலாக இருக்கும். ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்து, இன்னொன்றின் கீழே ஒரு விரற்கடை வலப்பக்கம் தள்ளிவிட்டால் அது அதற்குப் பிள்ளைப் பக்கமாகிவிடும். பிள்ளை தாயின் அலங்காரத்தைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். ஸ்ரெல்லாவின் அழைப்பு 'மரண அறிவித்தல்கள்' என்ற பக்கத்துக்குப் பிள்ளையாகப் போயிருந்தது. மெழுகுதிரிக்கு ஆள் வித்தியாசம் தெரியுமா என்ன?

அழைப்பைத் திரும்ப அதன் இடத்துக்கு இழுத்தாள். கறுப்புக் கரை மறைந்து மல்லிகைச் சரம் வந்தது. பிறகு, யார் இழுத்தார்கள் என்று மாற்றங்களின் பட்டியலைத் திறந்தாள். காலை ஆறு பன்னிரண்டு, போனிலிருந்து... ஜெயசுதன்.

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவனுக்குப் பின்னால் நனைந்துகொண்டு வந்து நின்ற அவனுடைய அப்பா செபநாயகம் முந்திக்கொண்டார்.

"பிள்ளை, என்ரை மகன் ஒரு நட்டைக் கூட நாலுதரம் பார்த்துத்தான் பூட்டுறவன். அவன்ரை கை பட்டிருந்தா இப்பிடி நடந்திராது" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமை... வினோஜா வாயை மூடிக்கொண்டாள். பட்டியலையும் மூடினாள்.

கந்தோரை நடத்தும் பாலேஸ்வரி அக்காவோ நீதி வழங்குவதில் வேகமானவர். இன்னும் பத்து நாளில் வினோஜாவின் வேலை நிரந்தரமாவதாக இருந்தது. அதை மூன்று மாதம் தள்ளிவைப்பதாக அங்கேயே, அவர்கள் முன்னாலேயே சொன்னார். மன்னிப்புக் கடிதம் ஒன்றும் எழுதச் சொன்னார். வினோஜா எழுதிக் கையெழுத்து வைத்தாள். ஜெயசுதன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவளை ஒருமுறை பார்த்தான். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. விசரி, வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று பஸ்ஸில் போகும்போது அவள் மனம் அவளைத் திட்டியது. ஆனால் இமைகளில் நின்ற அந்த மழைத்துளிகளைத்தான் மானிப்பாய் வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

இனி இப்படி நடக்காமல் தளம் முழுவதையும் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று முடிவாயிற்று. ஊர்க்காரன் ஒருவன் பக்கத்தில் இருந்தால்தான் எது எதற்குக் கீழே என்று தெரியும். ஆகவே மதியங்களில் அவன் வந்தான். நகங்களில் எஞ்சின் எண்ணெய் கறுப்பாகப் படிந்திருந்தது. அதை மறைக்கக் கைகளை மடியில் வைத்துக்கொண்டான். அவள் அதைக் கண்டும் காணாதவள் போல இருந்தாள்.

நாற்பத்தேழு பக்கங்கள் தாறுமாறாகக் கிடந்தன. பெருநாள் படங்கள் வள்ளப் பதிவுக்குக் கீழே, உதைபந்தாட்டக் கழகம் ஞானஸ்நானத்துக்குக் கீழே... ஒவ்வொன்றையும் அவன் சொல்லச் சொல்ல அவள் இழுத்து வைத்தாள். பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் 'எங்கடை ஆக்கள்' என்ற ஒரு தாயின் கீழே வைப்பதா, தனித்தனியாகவா என்று அரைமணி நேரம் வாதாடினார்கள். ஜன்னலில் மழை தட்டிக்கொண்டே இருந்தது. அவள் சிரித்தால் அவன் திரையைப் பார்ப்பதை மறந்தான்... அவன் மறந்தால் அவளுக்குச் சுட்டி வழுக்கியது.

"நீங்கள் இவ்வளவு கவனமா இழுக்கிறியள்... அண்டைக்கு எப்பிடிப் பிழைச்சது?" என்று இரண்டாம் நாள் கேட்டான்.

"அண்டைக்குக் கண் பிடிக்கேல்லை போல" என்றாள்.

"இப்ப பிடிக்குதோ?"

அவள் அடுத்த பக்கத்தை இழுக்கத் தொடங்கினாள். காது மட்டும் சூடாகியது.

மூன்றாம் நாள் வேலை முடிந்தது. மரம் போலக் கிளைவிட்டு, ஒழுங்காக நின்றது பட்டியல். பார்க்க அழகாக இருந்தது... இனி இவன் வரத் தேவையில்லையே என்ற நினைப்புத்தான் அழகாக இல்லை. அவள் தேநீர் எடுத்துவர எழுந்தாள். திரும்பி வந்தபோது அவன் மாற்றங்களின் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு சிலையாக இருந்தான்.

காலை ஆறு பன்னிரண்டு. அவனுக்கு நினைவு வந்துவிட்டது. கரையில் நின்று, எண்ணெய் விரலோடு, தங்கையின் படத்தை ஆசையாக ஒருதரம் பார்த்திருந்தான். பட்டியலை மேலே தள்ளியபோது பெருவிரல் வழுக்கியிருக்கிறது. கவனிக்கவே இல்லை.

"உங்களுக்கு முதல் நாளே தெரியுமோ?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

"உங்கடை அப்பா உங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு நிண்டவர்... அந்த முகத்துக்கு முன்னாலை எனக்குச் சொல்ல மனம் வரேல்லை."

அவன் எழுந்தான். மூன்று மாதம், கடிதம், அவள் கையெழுத்து எல்லாம் அவன் முகத்தில் வந்து போயின. ஒரு வார்த்தை சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். அவன் குடையைக்கூட எடுக்காமல் மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

எட்டு நாட்கள்... ஒரு போன் இல்லை. ஸ்ரெல்லாவின் திருமணமும் நடந்து முடிந்தது. வினோஜாவுக்கு வந்த அழைப்பு மேசையின் இழுப்பு லாச்சிக்குள்ளேயே கிடந்தது. வேலை தள்ளிப்போனது அவளுக்கு அவ்வளவு நோகவில்லை. பிழையை ஒப்புக்கொள்ள முடியாத ஒருவனுக்காகவா வாயை மூடிக்கொண்டேன் என்ற எண்ணம்தான் நொந்தது. அவனுடைய குடை மூலையில் சாய்ந்து நின்றது. அதை எடுத்துக் கண்ணில் படாத இடத்தில் வைத்தாள். பிறகு போய்த் திரும்பவும் மூலையிலேயே வைத்தாள்.

ஒன்பதாம் நாள் காலை, வழக்கம் போலப் பட்டியலைத் திறந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே புதிதாக ஒரு பக்கம் நின்றது... 'ஒரு திருத்தம்'.

அது வெளியிடப்பட்ட பக்கம். பாரிசும் ரொறன்ரோவும் குருநகரும் பார்க்கக்கூடிய பக்கம். "ஸ்ரெல்லாவின்ரை படத்துக்கு மெழுகுதிரி வைச்சது கந்தோர்ப் பிள்ளை இல்லை. அண்ணன் நான்தான். போனிலை என்ரை விரல் வழுக்கினது. அந்தப் பிள்ளை தெரிஞ்சும் சொல்லாமல் என்ரை பழியைச் சுமந்தவ. இதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டிப்போட்டுத்தான் போடுறன். கலியாண வீட்டிலை சொல்லத் துணிவு வரேல்லை, அதுக்கும் மன்னியுங்கோ. ஜெயசுதன்."

திரை கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் அதைக் கண்டாள். 'ஒரு திருத்தம்' என்பதன் கீழே, ஒரு விரற்கடை வலப்பக்கம் தள்ளி, சாம்பல் நிறத்தில் இன்னொரு பக்கம். வெளியிடாத வரைவு. அந்தத் தளத்தை உள்ளே திறந்து பார்ப்பவர்கள் இரண்டே பேர்தான். அதன் தலைப்பு 'வினோஜாவுக்கு மட்டும்'.

அதைத் திறந்தாள்.

"வெட்கத்திலை ஓடினனான். எட்டு நாளும் எஞ்சின் ஒண்டும் ஒழுங்காத் திருத்தேல்லை. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... முதல் நாள் கோபத்தோடை வரேக்கையே பிடிச்சிட்டுது, அதாலைதான் கோபம் கெதியா இறங்கினது. நான் வேதக்காரன், மாதா கோயில் ஆள், நீங்கள் சைவம், ரெண்டு வீட்டிலையும் கேள்வி வரும். நீங்கள் பக்கத்திலை நிண்டா நான் பதில் சொல்லுவன். விருப்பமில்லையெண்டா இந்தப் பக்கத்தை அழிச்சுவிடுங்கோ. ஒண்டும் கேட்க மாட்டன்."

பாலேஸ்வரி அக்கா தன் போனோடு வந்து, கடிதத்தைக் கிழித்துவிடும்படி ஜெயசுதனிடம் சொல்லியிருப்பதாகவும் இந்த மாதமே வேலை நிரந்தரம் என்றும் ஏதோ சொன்னார். வினோஜா தலையாட்டினாள். ஒன்றும் காதில் விழவில்லை.

புதுப்பக்கம் ஒன்றைத் தொடங்கினாள். தலைப்பில் இரண்டே எழுத்து. 'ஓம்'. அந்தப் பொல்லாத பட்டியல் அதைக் கடைசியில் கொண்டுபோய், மரண அறிவித்தல்களின் கீழே வைத்தது. வினோஜா மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் பிடித்தாள். மெல்ல, மெல்ல மேலே இழுத்து, அவனுடைய பக்கத்துக்குக் கீழே, ஒரு விரற்கடை வலப்பக்கம் தள்ளி விட்டாள்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கீழே தெருவில் சைக்கிள் ஒன்று சரிந்து விழும் சத்தம் கேட்டது. ஜன்னலால் பார்த்தாள். எதிர்க்கடைக் கூரையின் கீழ் அதுவரை காத்து நின்ற ஜெயசுதன், போனைப் பிடித்தபடி மழைக்குள் வந்துவிட்டிருந்தான். சைக்கிளைத் தூக்கவும் தோன்றாமல் மேலே பார்த்துக்கொண்டு நின்றான்.

மூலையில் நின்ற குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அருகே போய் அவன் தலைக்கு மேலே விரித்தாள். இமைகளில் அதே மழைத்துளிகள்... கோபம் மட்டும் இல்லை.

"அழிச்சுப்போடுவியள் எண்டு பயந்துகொண்டு நிண்டனான்" என்றான்.

"எட்டு நாளும் காலமை வந்து முதல் வேலையா அந்தப் பட்டியலைத்தான் திறந்து பார்த்தனான்" என்றாள் அவள், குடைக் கம்பியைப் பார்த்துக்கொண்டு. "உங்கடை பேர் எங்கையாவது புதுசாக் கிடக்குதோ எண்டு..."