பசித்த தண்ணீர்

மலையில் மூன்று நாளாக அடைமழை. செம்மணியாற்றில் தண்ணீர் இரைந்து ஓடுகிறது. ஆனாலும் அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் நிறம் தெரிகிறது. மண்பூட்டு வந்த பிறகு வெள்ளம் என்றால் இப்படித்தான். கலங்கிய ஆற்றை இன்றைய பிள்ளைகள் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள்.

மண்பூட்டு ஒன்றும் மாயமில்லை, ஒருவகைப் பூஞ்சை. தெளிப்பூர்திகள் மலைச்சரிவுகளின் மேல் பறந்து அதன் வித்தைத் தூவின. தலைமயிரைவிட மெல்லிய நூலாக அது மண்ணுக்குள் ஓடி, துகளோடு துகளைச் சேர்த்துத் தைத்துவிட்டது. அப்புறம் பேய்மழை பெய்தாலும் ஒரு பிடி மண் நகரவில்லை. அதை உருவாக்கியவள் ஆவுடைத்தங்கம். ஆற்றின் கடைமடை ஊரான கீழப்பத்தில் பிறந்து, மலையில் உள்ள மண்காப்பு ஆய்வகத்துக்குத் தலைவியானவள்.

அவளைத் தூண்டியதே ஊர்க்காரர்கள்தான். கோடை வந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் வாய்க்காலில் இறங்கி, மலை அனுப்பிய வண்டலை வெட்டி வயலில் கொட்ட வேண்டும். இடுப்பு ஒடிகிற வேலை. இந்தச் சனியன் பிடித்த மண்ணை மேலேயே நிறுத்த ஒரு வழி பண்ணு தாயி என்று ஊரே கூடிக் கேட்டது. அவள் நிறுத்திக் கொடுத்தாள். மேளம் வைத்து அழைத்துப்போய் மாலை போட்டார்கள். அந்த வருடத்தோடு தூர்வாரும் மண்வெட்டிகளைப் பரணில் ஏற்றியாயிற்று.

இப்போது அவளுடைய தம்பி பூலுடையார் அவளை அவசரமாக வரச் சொல்லியிருந்தான். குடும்ப நிலத்தைப் பார்த்துக்கொள்வது அவன்தான். நெல் பொதி கட்டி, கதிர் வெளியே வரக் காத்திருக்கும் நேரம். வயலோ பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இன்னும் ஒரு வாரம் தண்ணீர் ஏறாவிட்டால் ஊருக்கே ஒரு மணி நெல் கிடையாது.

ஆற்றில் இவ்வளவு ஓடுகிறதே, வயலுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று அவள் கேட்டாள். பூலுடையார் அவளை வாய்க்கால் தலைப்புக்குக் கூட்டிப்போனான். ஆற்றிலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் திரும்பும் மடை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஓர் ஆள் மட்டம் கீழே, பளிங்கு மாதிரி ஆறு போனது.

ஆவுடைத்தங்கம் படுகைமானியைத் தண்ணீரில் இறக்கினாள். கருவி சொன்ன ஆழத்தைப் பழைய அளவோடு ஒப்பிட்டாள். மடை உயரவில்லை. ஆறுதான் இறங்கியிருந்தது. ஓடும் தண்ணீருக்குச் சுமக்கும் தெம்பு உண்டு. மலை மண் கொடுத்த காலத்தில் அதைச் சுமந்துகொண்டு வந்தது. மண் வராமல் போனதும் வெறுங்கையோடு போக மனமில்லாமல், போகிற வழியில் தன் படுகையையே தோண்டித் தின்றிருக்கிறது. அரிப்பை நிறுத்திவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அது மலையிலிருந்து கீழே இறங்கி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"நான் இதை யோசிச்சிருக்கணும்லே" என்றாள்.

"மண்ண நிறுத்தச் சொல்லி நாங்களும்தான் கேட்டோம். உன்னய மட்டும் சொல்லி என்ன செய்ய? பயிரைக் காப்பாத்த வழியச் சொல்லு."

மறுநாளே அவள் மலைக்கு ஏறி, மலை மன்றத் தலைவி ரெபேக்காளைப் பார்த்தாள். பூட்டைத் திறக்க எதிர்ப்பூஞ்சை ஆய்வகத்தில் இருக்கிறது, ஒரே ஒரு சரிவைத் திறந்தால் போதும், ஆறு மண்ணை எடுத்துக்கொண்டு படுகையை விட்டுவிடும் என்று விளக்கினாள். ரெபேக்காள் தேநீர் கொடுத்துப் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஜன்னலைத் திறந்து காட்டினாள். மண் நகராது என்ற தைரியத்தில், ஆடு ஏறத் தயங்கிய சரிவில் எல்லாம் வீடுகள். நடுவில் ஒரு பள்ளிக்கூடம்.

"எந்தச் சரிவும்மா? அதையும் நீங்களே சொல்லிருங்க. அங்க இருக்கிற பிள்ளைகளை நான் முன்னாலயே எழுப்பி விடணும்."

குத்தலாகச் சொல்லவில்லை, கேள்வியாகவே கேட்டாள். ஆவுடைத்தங்கத்துக்குத்தான் உடம்பு கூசிப்போயிற்று. தேநீரைக்கூட முடிக்காமல் இறங்கி வந்தாள்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. கீழப்பத்துக்காரர்களைக் கூட்டி வைத்து அதைச் சொன்னாள். ஆறு மேலே வராது. ஆகவே மடையையும் வாய்க்காலையும் வயல்களையும் வெட்டி, ஆற்றின் மட்டத்துக்கு இறக்க வேண்டும். பயிர் நிற்கிற வயல்களை அறுவடைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதுவரை, இறக்கிய வாய்க்காலிலிருந்து எந்திரம் வைத்து இறைக்கலாம். தரிசாகக் கிடப்பதை இன்றே வெட்டலாம். வெட்டிய மண்ணை ஆற்றில் கொட்ட வேண்டும். அதைச் சுமக்கிற தண்ணீர் மேற்கொண்டு தோண்டாது. கேட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். ஆனாலும் பரணிலிருந்து மண்வெட்டிகள் இறங்கின. முன்பு வாய்க்காலிலிருந்து வயலுக்கு மண் போயிற்று. இப்போது வயலிலிருந்து ஆற்றுக்குப் போனது. வீட்டுக்கு ஓர் ஆள் என்ற கணக்கு மட்டும் மாறவில்லை.

வெட்டின வாய்க்காலில் தண்ணீர் புகுந்து, எந்திரங்கள் அதை இறைத்து வயலில் விட்டன. பயிர் பிழைத்தது. ஊர் பெருமூச்சு விட்டது. அக்காளும் தம்பியும் ஆற்றங்கரையில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த வருசம் இந்தப் பாடு இருக்காதுல்லா?" என்று பூலுடையார் கேட்டான்.

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. மனசு வரவில்லை. "வருசா வருசம் ஆத்துல மண்ணு போடணும். போடாட்டா திரும்பவும் தோண்ட ஆரம்பிச்சிரும்."

"எவ்வளவு?"

"முன்னால மலை எவ்வளவு அனுப்பிச்சோ, அவ்வளவு."

பூலுடையார் வயல்களைப் பார்த்தான். இந்த மண் எத்தனை காலத்துக்குக் காணும் என்று மெதுவாகக் கேட்டான். அவன் மகன் காலம் வரைக்கும் வரும் என்றாள் அவள். அதற்குப் பிறகு என்ன என்று அவன் கேட்கவில்லை. துண்டால் காலைத் துடைத்துக்கொண்டான்.

"ஆத்துக்குக் கரைக்க எதாவது ஒண்ணு வேணும். அந்த மலையை நீ பூட்டிட்ட. இனிமே நாங்கதான் மலை, என்னக்கா?"

ஆவுடைத்தங்கம் ஆமாம் என்று தலையாட்டினாள்.