பூசணிக்காய் பியரும் அப்பமும்

"கையை எடுங்கோ. நான்தான் முதல் பிடிச்சனான்."

"நீங்கள் காம்பைப் பிடிச்சனீங்கள். நான் காயைப் பிடிச்சனான்."

அப்பர் டூட்டிங் ரோட்டுக் காய்கறிக் கடையில் ஹலோவீனுக்கு வந்து மிஞ்சிப்போன ஒரே ஒரு பூசணிக்காய். அதன் ஒரு பக்கம் டொலறஸ். மறுபக்கம் நெடுநெடுவென்று ஒருவன்... மழையில் நனைந்த தலைமுடி, அதன் கீழே சிரிப்பை ஒளிக்கத் தெரியாத இரண்டு கண்கள்.

"எங்கட சாப்பாட்டுக் கடைக்கு வேணும். இண்டைக்குப் பூசணிக்காய்க் கறி. நீங்கள் வீட்டுக் கறிக்குப் பாதி எடுங்கோவன்?"

"கறிக்கில்லை. பியர் காய்ச்ச."

அவன் கை தானாக விலகியது. டொலறஸ் காயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

'இவனும் ஓடப்போகிறான்' என்று நினைத்தாள். ஓடவில்லை. பஸ் தரிப்பில் அவள் நனைந்துகொண்டு நின்றபோது தலைக்கு மேல் ஒரு குடை வந்தது.

"உங்களுக்கில்லை. பூசணிக்காய்க்குத் தடிமன் பிடிச்சிடும்" என்றான். பெயர் குகதாசன் என்றான். "உண்மையா நீங்களே காய்ச்சுறனீங்களோ?"

"ஓம். மருந்துக்கடையிலயே பியர்ச் சாமான் விக்கிற நாட்டில இருந்துகொண்டு என்ன பயம்? காயை ஓவனில வாட்டி, முளைகட்டின பார்லி மோல்ட்டோட சேர்த்துக் காய்ச்சி, கறுவா, கராம்பு, இஞ்சி போட்டு, ஆறவிட்டு ஈஸ்ட் போட்டால், வாளி தன்ர பாட்டில குமிழி விடும்." சொல்லும்போதே அவள் கண்களும் அப்படித்தான் பொங்கின. "போன மாசம் என்னைப் பொம்பிளை பார்க்க வந்தவை. அண்ணி வாளியை ஒளிக்கச் சொன்னவ. நான் ஒளிக்கேல்லை. அவை தேத்தண்ணி குடிச்சிட்டு, மெல்லமாச் சிரிச்சிட்டுப் போனவை."

"வாளி ஆரையும் கடிச்சதோ?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோலியர்ஸ் வுட் பஸ் வந்ததும் போனதும் அவளுக்குத் தெரியவில்லை...

அதன்பிறகு அவள் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை முடித்து வரும் வழியிலெல்லாம், எப்படியோ அந்தக் குடை நின்றது. நவம்பர் முடிவதற்குள் பியர் தெளிந்தது. அவனுக்கு ஒரு போத்தல் கொடுத்தாள். ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை மூடினான்.

"இதின்ர அடிமண்டியை என்ன செய்வியள்?"

"ஊத்திவிடுறதுதான். ஏன்?"

"அம்மான்ர அப்பம் இஞ்ச சரிவருகுதில்லை. ஊரில மாவுக்குக் கள்ளு விடுறவ. இஞ்ச கள்ளுக்கு எங்க போறது? டின் ஈஸ்ட் போட்டால் பாண் மாதிரி மணக்குது எண்டு புறுபுறுக்கிறா."

டொலறஸ் மண்டியை ஒரு ஜாம் போத்தலில் நிறைத்துக் கொடுத்தாள். கொட்டப்படுவதைக் கேட்டு வாங்கிப் போகிறானே... நெஞ்சுக்குள் கறுவா மணத்தது.

சனிக்கிழமை அவள் குகதாசனின் சாப்பாட்டுக் கடைக்குப் போனபோது வாசல்வரை சனம். கரை முறுகி, நடு மெத்தென்று, இளமஞ்சளாய் அப்பங்கள் தாச்சியிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தன.

"ஊரில சாப்பிட்ட மாதிரியே இருக்குதக்கா" என்றார் பஸ் ஓட்டும் சபாரத்தினம்.

குகதாசனின் தாய் சிவனேஸ்வரி பெருமையாகச் சிரித்தாள். "தம்பி எங்கையோ கடையில புது ஈஸ்ட் கண்டுபிடிச்சு வாங்கினவன்."

டொலறஸ் அவனைப் பார்த்தாள். அவன் தட்டுகளைப் பார்த்தான்.

அவள் திரும்பி நடந்தாள். அவன் குடையில்லாமல் பின்னால் ஓடிவந்தான்.

"டொலறஸ், நில்லுங்கோ. அம்மாக்கு மெல்லமாச் சொல்லலாம் எண்டு..."

"என்னைப் பார்க்க வந்தவையும் மெல்லமாத்தான் சிரிச்சவை. அண்ணி வாளியைத்தான் ஒளிக்கச் சொன்னவ. நீங்கள் என்னையெல்லோ ஒளிச்சுப் போட்டியள்?"

மழை அவன் முகத்தில் வழிந்தது. அவள் முகத்திலும்... மழைதான் என்று அவள் சொல்லிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க அவன் குடை நின்ற பக்கமே அவள் போகவில்லை. வேறு பஸ் பிடித்தாள். இரவில் நித்திரை வராமல் வாளியைத் திட்டினாள். பிறகு வாளி என்ன செய்தது என்று அதனிடமே கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டு வேறு ரோட்டால் போவதற்கா அவள் வாளியை ஒளிக்காமல் நின்றாள்? அடுத்த சனிக்கிழமை ஒரு பியர்ப் போத்தலைக் கைப்பையில் வைத்தாள். சொல்ல வேண்டியதைத் தானே சொல்லிவிட்டு வருவது. அவன் என்ன நினைத்தால் என்ன?

கடை நிறைந்திருந்தது. அவள் போத்தலை மேசையில் வைத்து வாயைத் திறக்குமுன், தாச்சியடியில் நின்ற குகதாசன் அவளைக் கண்டான். கரண்டியை வைத்தான். கழுத்துவரை சிவந்திருந்தான்.

"அம்மா. அண்டைக்கு மாவுக்கு விட்டது கடை ஈஸ்ட் இல்லை. இவ காய்ச்சின பூசணிக்காய் பியரின்ர அடிமண்டி. நான்தான் பயத்தில பொய் சொன்னனான்."

சபாரத்தினத்தின் வாய்க்குப் போன அப்பம் பாதி வழியில் நின்றது. "ஐயோ அக்கா, நான் அண்டைக்கு விரதமெல்லோ."

சிவனேஸ்வரி மகனைப் பார்த்தாள். அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். குனியாத தலை, மேசையில் போத்தல்.

"ஊரில கள்ளு விட்ட அப்பத்தை ஆறேழாத் திண்டுபோட்டு, இஞ்ச வந்து விரதமோ சபாரத்தினம்?" என்றாள். பிறகு டொலறஸிடம், "மண்டி இன்னும் இருக்கோ, பிள்ளை?"

"இருக்குது அம்மா. ஆனா என்ர பேரைச் சொல்லித்தான் விடவேணும்."

"வாய்தான்..." சிவனேஸ்வரி முகத்தைச் சுளித்தாள். "நாளைக்கு நாங்கள் உங்கட வீட்டுக்குக் கலியாணம் கதைக்க வந்தால், பியர் காய்ச்சுற வாளி எங்க நிக்கும்?"

"நடு விறாந்தையில, அம்மா."

சிவனேஸ்வரி போத்தலை எடுத்து, மூடியைத் திறந்து முகர்ந்து, தன் பக்கமாக வைத்துக்கொண்டு அடுத்த அப்பத்துக்கு மாவை ஊற்றினாள்.

குகதாசன் மேசையைச் சுற்றி வந்து அவள் முன்னால் நின்றான். மாவு படிந்த கைகள் எங்கே போவதென்று தெரியாமல் தவித்தன. அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னான்.

"எனக்கு உங்களில விருப்பம், டொலறஸ். அந்தக் காயை விட்ட நாளில இருந்து..."

அவள் கண்கள் பொங்கின. ஆனாலும் நாடியை நிமிர்த்தினாள்.

"கடைசி மேசைக்குக் கேக்கேல்லை."

அவன் ஒருமுறை மூச்சை இழுத்தான். கடைசி மேசைக்கு மட்டுமல்ல, வெளியே பஸ் தரிப்பில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"எனக்கும்தான்" என்றாள் டொலறஸ். அதையும் அவள் மெல்லமாகச் சொல்லவில்லை.