பதினேழாம் பாத்தியின் தாகம்

காலையில் பூட்ஸ் காலோடு அவர் மிதித்த தடம், மாலையிலும் வீட்டுப் புல்வெளியில் அழுந்தியபடியே கிடந்தது.

வேறு யாரும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அவருக்குப் புதிய புல் ரகங்களை உருவாக்குவதுதான் வேலை. மிதித்த புல் நிமிராவிட்டால் அதற்குத் தாகம் என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஆனால் இது தாகமே தெரியாத புல்லாயிற்றே!

ஆராய்ச்சிப் பண்ணையில் அறுபது நாள் தண்ணீர் காட்டாமல் காயப்போட்டதில் மற்ற பாத்திகள் எல்லாம் வைக்கோலாகிவிட, பதினேழாம் பாத்தி மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது.

"ஐயா, அந்தப் பாத்தியில இறங்குற ஓணான் எதுவும் திரும்பி வரமாட்டேங்குது" என்றார் மேஸ்திரி.

"ஓணானை எண்ணவா உமக்குச் சம்பளம்?"

சோதனை முடியாத ரகத்தைப் பண்ணையை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. ஆசை யாரை விட்டது? அந்தப் பாத்தியிலிருந்து நாலு தண்டு டிபன் பாக்ஸில் ஒளித்து வந்து வீட்டு முன்னால் நட்டார். மூன்றே மாதத்தில் கம்பளம்.

இப்போது குழாயைத் திறந்துவிட்டார். ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்காமல், தண்ணீர் புல்லின் மேலாகவே வழுக்கிக்கொண்டு ஓடி வாசலில் தேங்கியது. நனைந்த இரும்பின் வாடை. காற்றே இல்லை; ஆனாலும் பட்டுப்புடவை உரசுவது போல மெல்லிய சரசரப்பு மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தது.

"என்னங்க, வாலு உங்ககூடவா இருக்கா?" உள்ளேயிருந்து மனைவியின் குரல்.

"இல்லையே. படம் வரைஞ்சிட்டிருந்தாளே?"

"பந்து எடுக்கணும்னு அப்பவே வெளிய வந்துட்டாளே!"

வாசற்படியில் மகளின் குட்டிச் செருப்பு, ஜோடியாக. புல்லில் செருப்போடு ஏறக் கூடாது. அவர் மகளுக்குப் போட்ட சட்டம்.

படியிலிருந்து சின்னச் சின்னப் பாதத் தடங்கள். ஐந்து விரல்களும் தெளிவாக. நடுவில் சிவப்புப் பந்து. அதன் பக்கத்தில் இரண்டு பாதங்களும் சேர்ந்து நின்ற தடம்.

அதற்கப்புறம் தடம் இல்லை.

திரும்பி வந்த தடமும் இல்லை.

கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. மதிலோ ஆள் உயரம். கூப்பிட வாயைத் திறந்தார்.

சரசரப்பு நின்றது.

பந்தருகே ஒரு புல் நிமிர்ந்தது. பிறகு இன்னொன்று. ஒரு பாதம் மறைந்தது. அடுத்த பாதம். அதற்கடுத்தது. ஒவ்வொன்றாக, படியை நோக்கி.

"என்னங்க... இருக்காளா?"

கடைசியாக, காலையில் அவர் மிதித்த தடமும் மெல்ல நிமிர்ந்தது.

புல்லுக்கு இப்போது தாகம் இல்லை.