சிரிக்காதவளின் படம்

படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் சிரிக்கவே இல்லை. விடுதி அறையில் ஈரத் துண்டின் முடைநாற்றமும் அடைத்துக்கொண்ட குழாயின் களக் களக் சத்தமும் தலைவலியைக் கிளப்பிக்கொண்டிருக்க, அவள் கணவனை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தபோது அவன் எடுத்த படம் அது. திட்டாமல் கொஞ்சவா முடியும்? இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு, கல்யாணத்துக்கு முன்பிருந்தே. அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அங்கே போன் போட்டு, "அவ இனிமே வரமாட்டா" என்று சொல்லியிருக்கிறான். அதையும் சுற்றுலா வந்த இடத்தில், வாயில் பல்துலக்கியோடு சொல்கிறான்.

"நீ வீட்டுல சந்தோஷமா இருக்கணும்னுதான் செஞ்சேன்."

தினம் ஒரு படம் என்பது மகள் பிறந்ததிலிருந்து அவன் பிடித்துக்கொண்ட பிடிவாதம். வெளியூரோ வீடோ, மனைவியையும் மகளையும் நிற்கவைத்து ஒன்று எடுத்து, எடுத்த கையோடு சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட வேண்டும். எல்லாப் படத்திலும் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நிற்பாள். புகுந்த வீட்டில் அவளுக்குக் கடுகு என்று பட்டப்பெயர். எப்போது வெடிப்பாள் என்று தெரியாதாம்.

"நான் எங்க சிரிச்சேன்?" என்று கேட்டாள்.

"சிரிக்காமலா படத்துல விழுந்திருக்கு?"

நாத்தனாரின் குரல் அன்றைக்கே கைபேசியில் வந்தது. "அண்ணி, இப்பத்தான் உங்க முகத்துல ஒரு களையே வந்திருக்கு. இப்படியே இருங்க." அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

அடுத்த படம் பேருந்து நிலையத்தில். அவன் கைபேசியைத் தூக்கியதும் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். இரத்தத்தின் இரும்புச் சுவை நாக்கில் பரவும் வரை விடவில்லை. பிறகு கைபேசியைப் பிடுங்கிப் பார்த்தாள். படத்திலிருந்த உதட்டில் கீறல்கூட இல்லை. முன்பல் இடைவெளி தெரியாமல், அளவாக, அடக்கமாக ஒரு சிரிப்பு. அவளுக்கு அப்படிச் சிரிக்கவே வராது. சிரித்தால் ஈறு வரைக்கும் தெரிகிற ஜாதி அவள்.

வீடு திரும்பிய மறுநாள், துணி வேலை முடிந்ததும் பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்தாள். மேலாளர் குழம்பிப்போனார்.

"காலையில நீங்களே நேர்ல வந்து வேண்டாம்னுட்டுப் போனீங்களேம்மா. சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க."

காலை முழுக்க அவள் இந்த வீட்டில் அழுக்குத் துணியைத் துவைத்துக்கொண்டிருந்தாள். விரல் இடுக்கில் இன்னும் சோப்பு வாசனை. போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து கணவனைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். யாரை அனுப்பினாய், என்ன நாடகம் இது என்று கேட்டாள். அவன் பொறுமையாகத் தலையாட்டினான். அவன் இவ்வளவு பொறுமையாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. அவன் கண்கள் அவளைத் தாண்டி, சோபாவின் ஒரு மூலையில் நிலைத்திருந்தன.

"சரிம்மா, நீ சொன்னா சரி" என்றான் அந்த மூலையிடம்.

மதியம் அவனே தட்டு வைத்தான். மூன்று தட்டுகள். ஒன்று அவனுக்கு, ஒன்று மகளுக்கு. மூன்றாவதை வைத்த இடத்தில் யாரும் இல்லை. அவள் நின்ற பக்கம் நாற்காலியே இல்லை. அவள் தன் பங்குக்கு ஒரு தட்டை எடுத்து ஓங்கித் தரையில் அடித்தாள். எவர்சில்வர் உருண்டு, சுழன்று, நீண்ட நேரம் அதிர்ந்து அடங்கியது. மகள் மட்டும் காதைப் பொத்திக்கொண்டாள்.

சாயங்காலம் விளக்குப் போட்டார்கள். அன்றைய படத்துக்கு நேரம். அவன் கைபேசியைக் காலி சோபாவை நோக்கி நீட்டினான். மகள் சோபாவுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு பேரும் இங்க பாருங்க."

அவள் பாய்ந்து குறுக்கே நின்றாள். அவன் முகத்துக்கு நேராக. க்ளிக். எட்டிப் பார்த்தாள். திரையில் சோபா. அதில் அவள். சிரித்தபடி. மகளின் தோளில் அவளுடைய கை. குறுக்கே நின்றவளின் நிழல்கூட விழவில்லை.

"குட்டிம்மா, இங்க பாரு. அம்மா இங்கதான் இருக்கேன்."

மகள் நெற்றியைச் சுருக்கினாள். "அப்பா, அந்தச் சத்தம் மறுபடி வருது."

"பக்கத்து வீட்டு டிவியா இருக்கும். கண்டுக்காத."

அவள் தொண்டை கிழியக் கத்தினாள். சோபாவைப் பார்த்து. வேலையை எடுத்துக்கோ. வீட்டை எடுத்துக்கோ. இந்த மனுஷனைத் தாராளமா எடுத்துக்கோ. என் பிள்ளையைத் தொடாதே. தொட்டால் கையை முறிப்பேன்.

மின்விசிறி ஓடவில்லை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மகளின் கூந்தல் அசைந்தது. மூன்றாகப் பிரிந்தது. ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. இறுகியது. மறுபடி ஏறியது.

ஓடிப்போய் அந்தப் பின்னலைப் பற்றினாள். அவள் விரல்களுக்கு நடுவே அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போனது.

நுனியில் ரப்பர் பேண்ட் தானாக விரிந்தது. சுற்றிக்கொண்டது. மகள் முழங்காலில் எழுந்து திரும்பினாள். காலி சோபாவை நோக்கி முகத்தை உயர்த்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். முத்தத்துக்குக் குவிந்த அவளுடைய சின்ன உதடுகள், வெறும் காற்றில், எதன்மேலோ அழுந்தித் தட்டையாயின.