இசை மட்டும்

நிலாக் குடியிருப்பில் காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் காதைத் தேய்ப்பார்கள். வலது காதுக்குப் பின்னால் எலும்பு மேடாக இருக்கும் இடத்தில், கட்டைவிரலால் இரண்டு தேய்ப்பு. அங்கேதான் தோலுக்கு அடியில் செவிமணி பதித்திருக்கிறது. இன்றைக்கு எதெல்லாம் காதில் விழ வேண்டும், எதெல்லாம் விழ வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிடலாம். காற்று இயந்திரத்தின் உறுமல் வேண்டாம். எதிர்வீட்டுக்காரரின் தும்மல் வேண்டாம். உறவினர்கள் வந்து தங்கும் வாரங்களில் இந்தப் பட்டியல் கொஞ்சம் நீளும்.

முதலில் இது வைத்தியமாகத்தான் வந்தது. நிலவின் தரைக்கு அடியில் குடியிருப்பவர்களுக்கு மூச்சுக்காற்றைச் சுற்றிவிடும் இயந்திரங்கள் ஓயவே ஓயாது. ஆரம்பத்தில் குடியேறியவர்களில் பாதிப் பேர் தூக்கம் கெட்டு, பைத்தியம் பிடிக்காத குறையாகப் பூமிக்குத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் செவிமணி. சத்தத்தை அது அடுக்கடுக்காகப் பிரிக்கும். பேச்சு ஓர் அடுக்கு, இசை ஓர் அடுக்கு, மிச்சமிருக்கும் அரவமெல்லாம் ஓர் அடுக்கு. வேண்டாத அடுக்கை அணைத்துவிடலாம். பிடித்ததைச் சேமித்தும் வைக்கலாம். ஆனால் மணி சிறியது, கொஞ்சம்தான் கொள்ளும். அதனால் ஜனங்கள் பார்த்துப் பார்த்துத்தான் சேமித்தார்கள்.

தணிகாசலம் சினிமாவின் பின்னணி இசையைச் சேமித்தார். காற்றுக்குழாய் பழுது பார்ப்பது வயிற்றுக்கு. திருமேனிநாதன் என்ற இசையமைப்பாளர் உயிருக்கு. பாட்டுகளை எல்லோரும் ரசிப்பார்கள், அதில் என்ன பெருமை? கதாநாயகி கதவைத் திறக்கும்போது பின்னால் மெல்ல எழும் வயலினைக் கேட்கத் தெரிந்தவன்தான் ரசிகன் என்பது அவர் கட்சி. வசனமும் வாகனச் சத்தமும் குறுக்கே வராத சுத்தமான பின்னணி இசைக்காக அவர் எதையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்.

பிறகு அந்தப் பெரிய சூரியப்புயல் வந்தது. பூமியிலும் நிலவிலும் சேமிப்புக் கிடங்குகள் அத்தனையும் ஒரே வீச்சில் துடைத்தெடுத்த மாதிரி காலியாயின. கல்யாணப் படங்கள், வங்கிக் கணக்குகள், சினிமாக்கள் எல்லாம் போயின. எலும்புக்கு அடியில் இருந்த செவிமணிகள் மட்டும் தப்பித்தன. அரசாங்கம் வங்கிக் கணக்கைத் தேடிக்கொண்டிருந்தபோது ரசிகர்கள் மன்றம் ஆரம்பித்தார்கள். ‘பாதி ஆற்றுப் பாலம்’ என்ற திருமேனிநாதனின் படத்துக்கு, பின்னணி இசையை மட்டும் மீட்டெடுக்கும் மன்றம். ஜனங்களின் காதுகளில் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்த இசையைச் சேகரித்து, பிசிறு நீக்கி, ஒட்டுப்போட்டு முழுசாக்குவது அவர்கள் வேலை. சம்பளம் கிடையாது. சண்டை மட்டும் உண்டு. விழா நாட்களில் கட்-அவுட்டுக்கு ஊற்றப் பால் கிடைக்காது என்பதால் பால் பவுடரைத் தூவுவார்கள். நிலவில் ஈர்ப்பு குறைவு, அது இறங்கிவர நேரமாகும், அதுவரை கைதட்டிக்கொண்டிருப்பார்கள்.

எல்லாக் காட்சிக்கும் இசை கிடைத்துவிட்டது. கதாநாயகன் பாலத்தின் நடுவில் தனியாக நிற்கும் காட்சிக்கு மட்டும் கிடைக்கவில்லை. அது ஒரே ஒருவர் காதில்தான் இருந்தது. புயலுக்கு முன் குடியிருப்புக் கொட்டகையில் கடைசியாகப் படம் ஓடியபோது தணிகாசலம் அதைச் சேமித்திருந்தார். ஆனால் மணியைக் கழற்றி, திராவகத்தில் கரைத்துத்தான் உள்ளே இருப்பதை எடுக்க முடியும். அதோடு அந்த மணியின் கதை முடிந்துவிடும். அவர் தயங்கினார்.

“குடுங்களேன். நீங்க ஒருத்தரே கேட்டு என்ன ஆகப்போகுது? நாலு பேரு கேக்கட்டும்” என்றாள் அவர் மனைவி மங்கையர்க்கரசி.

கொடுத்தார். மன்றம் அவருக்குப் புது மணி பொருத்தியது. பழைய மணியின் பழக்கவழக்கங்களை எல்லாம் அப்படியே புதியதில் ஏற்றிக் கொடுத்தார்கள்.

இசை வெளிவருவதற்குள் மங்கை போய்விட்டாள். தூசிநோய். நிலாத்தூசி நுரையீரலில் படிந்து இறுகும் நோய். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ஒரு மாத மருந்தில் கரைந்துவிடும், முற்றிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. “இது பல வருஷமா இருந்திருக்கு. அவங்களுக்கு மூச்சு வாங்கியிருக்குமே, உங்ககிட்ட சொல்லலையா?” என்று டாக்டர் கேட்டார். சொல்லவில்லை என்றார் தணிகாசலம். அதற்கப்புறம் துக்கத்தோடு ஒரு கோபமும் அவருக்குள் உட்கார்ந்துகொண்டது. வாய் ஓயாமல் பேசுகிறவள்தானே, இதை மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அவள் படத்துக்கு முன்னால் நின்று கேட்பார்.

அந்தப் பேச்சில் ஒரு துளிகூட அவரிடம் மிச்சமில்லை. வீட்டில் இருந்த பதிவுகளைப் புயல் கொண்டுபோய்விட்டது. புயலுக்குப் பிறகும் அவள் சில வருஷங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் பக்கத்திலேயே இருப்பவர்களின் பேச்சை யார் சேமிப்பார்கள்?

மன்ற அரங்கில் பாலக் காட்சியின் இசை முதன்முதலாக ஒலித்தபோது தணிகாசலம் முன்வரிசையில் இருந்தார். தாழ்ந்த குரலில் செல்லோக்கள் தொடங்கின. அவற்றின் மேல் ஒரு காற்றுவாத்தியம் எழுந்தது. குழலும் இல்லை, நாகசுரமும் இல்லை, அதுவரை யாரும் கேட்டிராத ஒரு நாதம். மேலே ஏறும் இடத்தில் சுருதிக்குக் கொஞ்சம் கீழே நின்று, பிறகு சமாளித்து எட்டிப் பிடித்தது. ஒரு வரியின் பாதியில் சட்டென்று நின்றது. செல்லோக்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. சற்றுப் பொறுத்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடர்ந்தது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. தணிகாசலத்தால் எழுந்திருக்க முடியவில்லை.

அது வாத்தியமே இல்லை. மங்கை வாயை மூடிக்கொண்டு முனகுவது. சமையலறையில், குளியலறையில், மகளுக்குத் தலை பின்னும்போது, அவள் எப்போதும் அந்த இடத்தில் சுருதி இறங்கித்தான் ஏறுவாள். கொட்டகையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து படத்தோடு சேர்ந்து முனகியிருக்கிறாள். மன்றத்தின் பிரிப்பு இயந்திரம் அதை இசை என்று எடுத்துக்கொண்டு, மெருகேற்றி, வாத்தியமாக்கிவிட்டது.

அதற்குள் ரசிகர்கள் அந்த வாத்தியத்துக்கு நாதன்குழல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாதியில் நிற்கும் அந்த இடைவெளியைப் பற்றி ஆறு ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்தன. ‘சொல்ல வந்ததைச் சொல்லாமல் விழுங்கும் மனித மனத்தை இசையில் காட்டியவர் திருமேனிநாதன் ஒருவரே’ என்று ஒருவர் எழுதினார். தணிகாசலம் பொறுக்க முடியாமல் மன்றச் செயலாளர் கோமதிநாயகத்திடம் போய் உண்மையைச் சொன்னார்.

“அண்ணே, நீங்க துக்கத்துல இருக்கீங்க, அதனால ஒண்ணும் சொல்லல” என்றார் கோமதிநாயகம். “போன மாசம் ஒருத்தர் வந்து அது எங்க தாத்தா ஊதின சங்குன்னு சொல்லிட்டுப் போனார். அந்த மௌனத்தைப் போய் உங்க வீட்டம்மா பண்ணினாங்கன்னா, தலைவருக்கு என்ன மரியாதை?”

தணிகாசலத்துக்கு அந்த மௌனம்தான் தூக்கத்தைக் கெடுத்தது. அவருக்கு நினைவிருக்கிறது. பாலத்தில் கதாநாயகன் நின்றுகொண்டிருந்தபோது மங்கை முனகுவதை நிறுத்தி, அவர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துவிட்டு, மறுபடி முனக ஆரம்பித்தாள். இவ்வளவும் நினைவிருக்கிறது, சொன்னது என்ன என்பது மட்டும் நினைவில்லை.

அவள் பேசியது மன்றத்தில்தான் இருக்க வேண்டும். காதிலிருந்து எடுத்தவற்றில் இசையை மட்டும் வெளியிட்டு, பேச்சு அடுக்கை முத்திரையிட்டுக் குளிரறையில் வைப்பது மன்றத்தின் வழக்கம். அடுத்தவர் அந்தரங்கம் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டு விழாவின்போதும் பழையவற்றை மொத்தமாக அழித்துவிடுவார்கள். இந்த ஆண்டு அவர் கொடுத்ததன் முறை.

விழா நாள் காலையில் அவர் காதைத் தேய்த்துக்கொண்டு கிளம்பியபோது மகள் பொற்கொடி வாசலில் வந்து நின்றாள். அவளும் அம்மாவைப் போல, நிலாத்தூசி வடிக்கும் காற்றுக் கிடங்கில் வேலை பார்க்கிறாள்.

“அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“விழா முடியட்டும்மா. அம்மா பேசினது இருக்கு அங்க. இன்னிக்கு விட்டா போச்சு.”

“சரிப்பா. சாயங்காலம் நானும் வரேன்” என்று அவள் வழிவிட்டாள்.

குளிரறைப் பொறுப்பு பிலோமினாவுடையது. மன்றத்தில் சண்டை போடாத ஒரே உறுப்பினர் அவள்தான், அதனாலேயே அவளை யாருக்கும் அதிகம் தெரியாது. தணிகாசலம் சொன்னதை முழுவதும் கேட்டாள். நம்பினாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. உள்ளே போய், ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியை எடுத்துவந்து, முத்திரையை உடைத்துக் கருவியில் வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்றும் கேட்கவில்லை.

“சத்தம் வைம்மா.”

“வெச்சிருக்கேன் சார். உள்ள ஒண்ணுமே இல்ல.”

“அழிச்சிட்டீங்களா?” அவர் கண்ணைத் திறந்தார். “யாரு உங்களுக்கு அதிகாரம் குடுத்தது? எம் பொண்டாட்டி பேசினதுல மிச்சமிருந்தது அது ஒண்ணுதான். இசை இசைன்னு அதைத் தூக்கிக் குப்பையில போட்டிருக்கீங்களே, நீங்கல்லாம் மனுசங்களா?”

பிலோமினா கருவியின் திரையை அவர் பக்கம் திருப்பினாள். பழைய மணியின் அன்றைய அமைப்பு அதில் இருந்தது. படம் தொடங்கிய நேரத்திலிருந்து முடியும் வரை ஒரே கட்டளை: இசை மட்டும்.

“நாங்க அழிக்கல சார். இது உங்க காதுக்குள்ளயே போகல. இசை ஆரம்பிச்சதும் பேச்சைத் தானா அணைக்கிற மாதிரி நீங்க வெச்சிருந்திருக்கீங்க. அவங்க முனகினது இசைங்கிறதால உள்ள வந்துருச்சு. பேசினது வரல.”

தணிகாசலம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாலிப வயதில் என்றைக்கோ வைத்த அமைப்பு. வைத்ததையே மறந்துவிட்டார். அவள் சொன்னதை அவர் மறக்கவில்லை, கேட்கவே இல்லை. கேட்காமலேதான் தலையாட்டியிருக்கிறார். எத்தனை தடவை இப்படி ஆட்டினாரோ என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தாரே, அதை நினைத்தும் வந்தது.

“இப்பவும் அதே அமைப்புதான் சார் இருக்கு. புது மணியில ஏத்தியிருக்கோம்” என்றாள் பிலோமினா. “மாத்திவிடவா? ஒரு நிமிஷம்தான்.”

அவர் யோசித்தார். இன்று மாலை விழாவில் அந்த இசையை மறுபடி ஒலிக்கப்போகிறார்கள். மாற்றிவிட்டால் கைதட்டலும் விசிலும் இருமலும் அவள் குரல்மேல் வந்து விழும். அவளுடையது என்று உலகத்தில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

“இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும்மா. அவளைச் சுத்தமா ஒரு தடவை கேட்டுக்கறேன். நாளைக்கு வந்து மாத்திக்கறேன்.”

மாலையில் அரங்கம் நிரம்பி வழிந்தது. பால் பவுடர் மெதுவாக இறங்கி எல்லோர் தலையிலும் படிந்தது. பொற்கொடி அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். படியேறி வந்ததில் அவள் தோள்கள் ஏறி இறங்கின. விளக்குகள் அணைந்தன, செல்லோக்கள் தொடங்கின, தணிகாசலத்தின் காதில் மற்ற சத்தமெல்லாம் அடங்கின. மங்கை முனகினாள். சுருதிக்குக் கீழே நின்று, சமாளித்து ஏறினாள். அவர் கண்களிலிருந்து நீர் வழிந்தது, முகம் மலர்ந்திருந்தது. அவர் முகம் அப்படி இருந்து பொற்கொடி பல காலமாகப் பார்த்ததில்லை. இப்போது சொன்னால், இதுவரை சொல்லாததற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

முனகல் நின்றது. புகழ்பெற்ற அந்த இடைவெளியில் அரங்கம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

“அப்பா, எனக்குக் கொஞ்ச நாளா மூச்சு வாங்குதுப்பா” என்றாள் பொற்கொடி. “அம்மாவுக்கு வந்த மாதிரியே இருக்கு. பயமா இருக்கு.”

தணிகாசலம் மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல், சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

இசை முடிந்தது, விளக்குகள் எரிந்தன. ஏதோ நினைவு வந்தவர்போல அவர் மகள் பக்கம் திரும்பினார். “நடுவுல ஏதோ சொன்னியாம்மா?”

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவர் தலைமுடியில் ஒட்டியிருந்த பால் பவுடரைத் தட்டிவிட்டாள்.

“ஒண்ணுமில்லப்பா. வாங்க, போலாம்.”